புட்டியும் சீட்டும்

மருந்துச் சரக்கு விற்பவருக்கு அரபு மொழியில் ‘அத்தார்’ என்று பெயர். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நறுமணத் தைலம் விற்பவரே நம் நினைவுக்கு வருகிறார். முற்காலத்திலோ மணப்பொருள் விற்றவரே மூலிகையும் விற்றார். பாரசீகப் பெருங்கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தார் அப்பெயர் பெற்றதும் நீஷாப்பூரில் அவர் செய்துவந்த மருந்துக் கடைத் தொழிலால்தான் என்பர். அந்நாளைய அத்தாரின் கடையில் சீட்டு ஏதும் கிடையாது. வாங்குபவன் சரக்கைக் கண்ணால் கண்டான், கையால் ஒடித்தான், மூக்கருகே கொணர்ந்து மோந்தான். பொருளே தன்னைப் பற்றிச் சாட்சி சொல்லிற்று.

நம் மதுரை மாநகரின் கீழமாசி வீதியில் கடைச்சரக்கு விற்கும் நாட்டு மருந்துக் கடைகளுக்குள் நுழைவோர் இன்றும் இக்காட்சியைக் காணலாம். கடுக்காயும் தான்றிக்காயும் வாய்திறந்த சாக்குகளில் இருக்கின்றன. அதிமதுரமும் அமுக்கராக் கிழங்கும் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வந்த தாய்மார்கள் கருஞ்சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தே வாங்குகிறார்கள். “யாருக்கும்மா, என்ன வயசு?” என்று கேட்டபின் தராசைத் தூக்கும் முதிய கடைக்காரர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் அதே தெருவின் கண்ணாடி அலமாரிகளில் வேறோர் உலகம் குடிபுகுந்து நெடுநாளாயிற்று. மூலிகை பொடியாகி, பொடி சாறாகி, சாறு உலர்ந்து, கேப்சூல் என்னும் கூட்டுக்குள் ஒளிந்துகொண்டது. மோந்து பார்க்க மணமில்லை. ஒடித்துப் பார்க்க வேரில்லை. எஞ்சியிருப்பது புட்டியின்மேல் ஒட்டிய ஒரு சீட்டு மட்டுமே. முன்பு மூக்கும் நாவும் செய்த பணியை இன்று கண்ணும் கல்வியும் செய்தாக வேண்டும்.

நாம் மருத்துவரல்லோம். மத்ரஸாவில் ஓதி, அரபும் தமிழும் போதித்து ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆயினும், சீட்டைப் படிப்பது முதலில் ஒரு மொழிப்பணி. சொல்லின் வேரைத் தேடிச் செல்வது நம் தொழிலாதலின், இதைப்பற்றிப் பேச நமக்கும் சிறிது உரிமை உண்டென எண்ணுகிறோம்.

மூலிகைதானே!

மேலூரில் வாழும் நம் அக்காவின் கணவர் இருதய நோயாளி. டிகாக்சின் என்னும் மாத்திரையும், உடலின் நீரை வெளியேற்றும் மாத்திரையும் சில ஆண்டுகளாக உட்கொண்டு வருபவர். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் விடுமுறையில் வந்தபோது, அத்தாவுக்கு வயிறு சரியில்லை என்றறிந்து, குடலைச் சுத்தம் செய்யும் மூலிகைத் தேநீர்ப் பெட்டிகள் நான்கைக் கொணர்ந்து கொடுத்தார். மகன் பாசத்தோடு தந்ததாயிற்றே. மச்சானும் இரவுதோறும் தவறாமல் பருகினார்.

ஒன்றரை மாதம் சென்றது. முதலில் கெண்டைக்காலில் பிடிப்பு; பின்னர்ப் படியேற முடியாத தளர்ச்சி; ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகையில் நெஞ்சு தாறுமாறாய் அடித்துக்கொள்ள, ஸஃப்பிலேயே அமர்ந்துவிட்டார். மதுரைக்கு அழைத்து வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு மிகவும் குறைந்திருந்தது. “வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க, பாய்?” என்று மருத்துவர் கேட்டார். “வேறொன்றும் இல்லை டாக்டர்” என்றார் மச்சான். தேநீரை நினைவூட்டியவர் அக்காதான். “அது மூலிகைதானே!” என்றார் மச்சான், வியப்போடு.

பெட்டியைக் கொணரச் செய்து பார்த்தோம். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபு. அரபுப் பக்கத்தில் முதற்பொருள் ‘சனா’. இரண்டாவது ‘இர்க்குஸ் ஸூஸ்’. சனா என்பது நிலாவாரை; இர்க்குஸ் ஸூஸ் என்பது அதிமதுரம். இரண்டின் பெயரையும் தமிழில் சொன்னவுடன் மருத்துவர் தலையசைத்தார். நிலாவாரை பேதி மருந்து. நாட்கணக்கில் தொடர்ந்தால் கழிச்சலோடு பொட்டாசியமும் வெளியேறும். அதிமதுரத்தை நீண்டநாள் மிகுதியாக உட்கொண்டால் அதன் இனிப்புச் சத்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். நீரை வெளியேற்றும் மாத்திரையின் வேலையும் அதே திசையிலானது. பொட்டாசியம் குறைந்த உடலில் டிகாக்சின் மாத்திரை மருந்தாயிருந்தது போய் நஞ்சாகத் தொடங்கும். நால்வர் ஒரே கயிற்றை ஒரே பக்கம் இழுத்தால் என்னாகும்? இறையருளால் மச்சான் ஒரு வாரத்தில் நலமடைந்து வீடு திரும்பினார்.

ஈண்டு நம் நெஞ்சை உறுத்தியது ஒன்றுண்டு. மச்சான் நாள்தோறும் திருமறை ஓதுபவர். அந்தப் பெட்டியின் அரபு எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அவரால் முடிந்திருக்கும். பொருள் தெரியாததால், கண்ணெதிரே இருந்த எச்சரிக்கை வெறும் கோலமாக நின்றுவிட்டது.

ஒரு செடி, பல பெயர்

அந்த நிலாவாரை எங்கோ அரபு நாட்டில் மட்டும் விளையும் பொருளன்று. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், மதுரை மாவட்டங்களின் வானம் பார்த்த நிலங்களில் விளைவது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே ‘தின்னவேலி சென்னா’ என்னும் பெயரோடு தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஐரோப்பிய மருந்து நூல்களில் இடம்பெற்றது. நம் ஊர்க் காட்டில் காய்ந்த இலை கடல்கடந்து போய், வண்ணப் பெட்டிக்குள் புகுந்து, வளைகுடா வழியாக நம் வீட்டுக்கே விருந்தாய் வந்தது. பெயர் மாறிவிட்டமையால் நாம்தான் அடையாளம் காணவில்லை!

தமிழில் நிலாவாரை, நிலவாகை, யூனானியில் சனா மக்கீ, ஆயுர்வேதத்தில் ஸ்வர்ணபத்ரி, ஆங்கிலத்தில் சென்னா, தாவர நூலில் காசியா அங்குஸ்டிஃபோலியா, அல்லது சென்னா அலெக்சாந்திரினா. எல்லாம் ஒன்றே. மறுபுறம், பெயர் ஒன்றாயிருந்து பொருள் வேறாவதும் உண்டு. ‘காசியா’ என்று தொடங்கும் பெயரைக் கண்டவுடன் நிலாவாரை என முடிவு கட்டுதல் தவறு. காசியா ஆரிகுலேட்டா என்பது நம் ஆவாரை. காசியா ஃபிஸ்டுலா என்பது சரக்கொன்றை.

இத்தாவரப் பெயர்முறையை 1753ஆம் ஆண்டில் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் நிலைநாட்டினார். முதற்சொல் குலத்தைக் காட்டும். இரண்டாம் சொல் அக்குலத்துள் இன்னது என்று பிரித்துரைக்கும். நம் மஹல்லாவில் அப்துல் காதர் என்று அழைத்தால் எட்டுப்பேர் திரும்பிப் பார்ப்பர். அத்தாவின் பெயரையும் வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஒருவரே வருவார். அதுபோலவே இதுவும். ஆகவே சீட்டில் இரு சொல்லாலான தாவரப் பெயர் இருக்கிறதா என்பதே நாம் முதலில் பார்க்க வேண்டியது. “அரிய மூலிகைகள் 21 சேர்ந்தது” என்று மட்டும் அச்சிட்ட சீட்டு எதையும் சொல்லாத சீட்டே.

இப்பெயர்க் குழப்பத்தின் கொடுமையை உலகம் ஒருமுறை பெருவிலை கொடுத்து அறிந்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை சேர்ந்த மருந்தை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றைத் தாண்டியது. ஆராய்ந்தபோது, ‘ஃபாங்ஜி’ என்னும் பெயரொற்றுமையால் ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதில் அரிஸ்டோலோகியா என்ற வேறு செடி இடம்பிடித்திருந்தது தெரியவந்தது. நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அந்த அரிஸ்டோலோகியாக் குலத்தவையே. இப்பெயரைச் சீட்டில் கண்டால், உள்ளுக்கு உட்கொள்ளும் எண்ணத்தைக் கைவிடுதல் அறிவுடைமை.

நம் நாட்டிலும் சீந்தில் கொடியைப் பற்றி வழக்கொன்று எழுந்தது. கொரோனாக் காலத்தில் ‘கிலோய்’ என்ற பெயரில் சீந்திலைப் பலரும் தாமாகவே அருந்தினர். 2020இல் மும்பையில் அவ்வாறு அருந்திய ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு உண்டானதை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டனர்; அடுத்த ஆண்டில் நாட்டின் பல மருத்துவமனைகளில் கண்ட 43 பேரைப் பற்றிய ஆய்வும் வெளிவந்தது. ஆயுஷ் அமைச்சகமோ சீந்திலின்மேல் பழி சுமத்துவதை ஏற்கவில்லை. டினோஸ்போரா கார்டிஃபோலியா என்பதே மருந்துச் சீந்தில் என்றும், டினோஸ்போரா கிரிஸ்பா என்னும் வேறு கொடி அதன் இடத்தில் புகுந்திருக்கலாம் என்றும் சுட்டிக்காட்டியது. கற்றறிந்தோர் வாதம் எங்கு முடிந்தாலும், குடிமக்களுக்குரிய பாடம் ஒன்றே: இரண்டாம் சொல்லையும் படிக்க வேண்டும்.

இத்துறையில் நம் முன்னோர் உறங்கிக் கிடந்தாரல்லர். அல்பீரூனி தம் இறுதிக் காலத்தில் இயற்றிய ‘கிதாபுஸ் ஸைதனா’வில் ஒவ்வொரு மருந்துக்கும் அரபு, கிரேக்கம், சிரியம், பாரசீகம், இந்திய மொழிகள் எனப் பல மொழிப்பெயர்களைத் தொகுத்தளித்தார். மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார் ஏறத்தாழ 1,400 மருந்து, உணவுப் பொருள்களை அகரவரிசைப்படுத்தினார். நம் நாட்டுத் ‘திரிபலா’ அரபுநாடு சென்று ‘இத்ரீஃபல்’ ஆகி, யூனானி மருந்தாய்த் திரும்பி வந்த வரலாறும் இன்பம் பயப்பது. இத்ரீஃபல் என்று சீட்டில் கண்டால், அடிப்படை கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்தாம் என்று தெளிக. மஃஜூன் என்றால் பிசைந்தது. ஸஃபூஃப் என்றால் தூள். ஹப் என்றால் உருண்டை. குர்ஸ் என்றால் வில்லை. அரபு ஓதிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இச்சொற்களுக்கு அகராதி வேண்டியதில்லை.

இரண்டு சட்டங்கள்

ஒரே அலமாரியில் தோளோடு தோள் நிற்கும் இரு புட்டிகள் இருவேறு சட்டங்களின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒன்று மருந்து, மற்றொன்று உணவு.

சித்த, ஆயுர்வேத, யூனானி மருந்துகள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. 1964இல் செய்த திருத்தத்தால் நம் நாட்டு மருந்துகள் அச்சட்டத்துக்குள் வந்தன. 1945ஆம் ஆண்டு விதிகளின் 161ஆம் விதிப்படி, சீட்டில் சேர்பொருள்களின் உண்மையான பட்டியலும் அளவும் இருத்தல் வேண்டும். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், எம்முறை மருந்து என்னும் குறிப்பு ஆகியனவும் வேண்டும். நஞ்சுப் பொருள் அட்டவணையில் உள்ள சரக்கு சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையிலேயே உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கையும் கட்டாயம்.

மற்றொன்று ‘ஹெல்த் சப்ளிமெண்ட்’ எனப்படும் ஊட்ட உணவு. இது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. இதற்கென 2016இல் வெளியான ஒழுங்குமுறைகள் 2018இல் நடைமுறைக்கு வந்தன. இவ்வகைச் சீட்டில் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கும். மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்னும் அறிவிப்பும், சொன்ன அளவை மீறலாகாது என்னும் எச்சரிக்கையும் அச்சிடப்பட வேண்டும். “சர்க்கரை நோய்க்கு இதுவே மருந்து” என்று கடையில் ஒருவர் புகழ்ந்து நீட்டும் புட்டியில், மருந்தன்று என்ற வாசகம் பொடி எழுத்தில் இருந்தால், கடைக்காரர் நாவை நம்புவதா, சீட்டை நம்புவதா? அன்றியும், சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே ஒரு தனிச் சட்டம் தடுத்திருக்கிறது.

அளவு, உறுப்பு, வடிவம்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை நாம் பிள்ளைப் பருவம் முதலே கேட்டு வருகிறோம். அந்த அளவைச் சீட்டில் கண்டறிவதுதான் சிக்கல். ‘ஒவ்வொரு கேப்சூலிலும் 500 மில்லிகிராம்’ என்றால் எதன் 500? மஞ்சள் தூளென்றால் அதில் குர்க்குமின் வகைச் சத்து நூற்றுக்குச் சில பங்கே. 95 விழுக்காடு தரப்படுத்திய சாறென்றால் கேப்சூல் முழுவதும் ஏறக்குறைய அச்சத்தேயாகும். குழம்பிலிடும் மஞ்சளும் இதுவும் பெயரளவில்தான் உறவு. ‘10:1 சாறு’ என்றிருந்தால், பத்துப் பங்கு மூலிகை வற்றி ஒரு பங்காயிற்று என்று பொருள். பாட்டியார் காலந்தொட்டு உண்ட பொருள்தானே என்னும் துணிவு அப்பொருளின் சாற்றுக்குப் பொருந்தாது.

உறுப்பையும் பார்க்க வேண்டும். சமூலம் என்றால் வேரோடு கூடிய முழுச்செடி. அமுக்கராவில் நம் மரபு கொண்டாடுவது கிழங்கை. செலவைக் குறைக்க இலையைச் சேர்ப்போர் பெருகியதால், இலையைத் தவிர்க்குமாறு 2021இல் ஆயுஷ் அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. டென்மார்க் நாடு 2023இல் அமுக்கராவையே தடைசெய்துவிட்டது. பட்டியலின் இறுதியில் ‘கியூ.எஸ்.’ என்று இரண்டெழுத்து வரும். இலத்தீன் மொழியில் ‘போதிய அளவு’ என்பது அதன் கருத்து. மாத்திரையை உருட்டவும் உலரவைக்கவும் சேர்க்கும் மாவும் பசையும் அதனுள் அடங்கும். சர்க்கரை நோயாளிகள், லேகிய வகைகளில் அவ்விடத்தில் வெல்லமோ சீனியோ நிற்கிறதா என்று பார்த்தல் நலம்.

அமெரிக்கப் புட்டிகளில் ‘புரொப்பரைட்டரி பிளெண்ட்’ என்றொரு சொல் காணப்படும். அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பல மூலிகைகள் சேர்ந்த கலவையின் மொத்த எடையை மட்டும் சொன்னால் போதும். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்ல வேண்டுவதில்லை. இதற்கு மாறாக நம் ஊர்க் குடிநீர்களைப் பாருங்கள். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு; 2020இல் தமிழகமெங்கும் வழங்கிய கபசுரக் குடிநீரில் பதினைந்து சரக்கு. ஒவ்வொன்றின் பெயரும் நூலில் உண்டு. எவரும் எண்ணிச் சரிபார்க்கலாம். மறைப்பில்லாமை மரபு மருத்துவத்துக்குப் புதிதன்று.

பற்பம், செந்தூரம், குஷ்தா ஆகிய சொற்களைக் கண்டால், உள்ளே உலோகமோ கனிமப் பாடாணமோ உண்டென்று அறிக. இலிங்கம் என்பதும் ஷங்கர்ஃப் என்பதும் பாதரசக் கூட்டு. தாளகம் பாடாண வகை. பயின்ற மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு. நாமே வாங்கி உண்பது வேறு. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கி ஆராய்ந்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் காரீயமோ பாதரசமோ பாடாணமோ இருந்தது கண்டறியப்பட்டது. அதன் பின்னரே, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை இந்திய அரசு 2006 முதல் கட்டாயமாக்கியது.

ஹலாலும் சீட்டும்

நம் குடும்பங்களில் எழும் வினாக்கள் இரண்டு. முதலாவது கேப்சூலின் கூடு. ஜெலட்டின் என்றால் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுத்தது. எவ்விலங்கு என்பதைச் சீட்டு பெரும்பாலும் சொல்வதில்லை. ஹைப்ரோமெல்லோஸ் என்றிருந்தால் தாவர நார்ச்சத்தில் செய்தது. பச்சைப் புள்ளியும், விலங்குப் பொருளைக் காட்டும் பழுப்பு முக்கோணமும் உணவுச் சட்டத்தின் குறிகள். மருந்துகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி எதுவும் பேசுவதில்லை என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, ஆசவ அரிஷ்டங்கள். இவை புளிக்கவைத்துச் செய்பவை. புளிப்பில் தானே உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 விழுக்காடு வரை இருப்பதாகச் சீட்டிலேயே அச்சிட்டிருப்பர். பிள்ளை பெற்ற வீடுகளில் தசமூலாரிஷ்டத்தை இவ்வரியைப் பாராமலேயே வழங்கி வருகிறார்கள். இதற்கு நேர்மாறாக, ‘கமீரா’ என்னும் யூனானி மருந்தின் பெயரில் ‘கம்ர்’ என்னும் வேர் ஒலிக்கக் கேட்டு அஞ்சி, வாங்காமல் திரும்பியோரையும் அறிவோம். வேர்ச்சொல் வேறு, சேர்பொருள் வேறு. பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல் பட்டியலைப் பாருங்கள். தேவை, கட்டாயம், மாற்று மருந்து ஆகியவற்றை எடைபோட்டுத் தீர்ப்பளிக்கும் பொறுப்பு உங்கள் ஊர் ஆலிமுக்கும் மருத்துவருக்கும் உரியது. அவர்களிடம் செல்லுமுன் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

குவிமாடமும் ஒட்டகமும்

சொல்லத் தயங்கினும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்றுண்டு. அண்மைக் காலத்தில் சில புட்டிகளின் முகப்பில் பசுங்குவிமாடமும் ஒட்டகமும் பேரீச்ச மரமும் காட்சியளிக்கின்றன. ‘நபிவழி மருந்து’ என்ற சொல்லும் பொன்னெழுத்தில் மின்னுகிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றிய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சனாவைப் பற்றிய அறிவிப்புகள் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் உள்ளன. அவற்றை மதிப்பதில் நாம் எவருக்கும் பின்வாங்கியவரல்லோம். ஆனால் புட்டியைத் திருப்பிப் பார்த்தால், சிலவற்றில் தாவரப் பெயரில்லை, எடையில்லை, உரிம எண்ணும் இல்லை. கருஞ்சீரகம் என்பது நைஜெல்லா சட்டைவா. ‘காலா ஜீரா’ என்று மட்டும் எழுதிய பொட்டலத்துக்குள் அதுவும் இருக்கலாம். சீரகக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு விதையும் இருக்கலாம்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்து மக்கள் காணச் செய்யவில்லையே என வணிகரைக் கண்டித்தவர் பெருமானார் (ஸல்) அவர்கள். மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்பதும் அவர்கள் போதனையே. பின்வந்த அரசுகள் முஹ்தஸிப் என்னும் அங்காடி அதிகாரியை நியமித்து அளவையையும் சரக்கையும் சோதித்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய கையேட்டில், மருந்துச் சரக்கில் நிகழும் கலப்படங்களைக் கண்டுபிடிக்கும் வழிகள் சொல்லப்பட்டுள்ளன. இத்தகைய மரபுக்கு உரிய நாம், குவிமாடப் படத்தைக் கண்டவுடன் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுதல் முறையாகுமா? பெருமானாரின் பெயரால் விற்கும் சரக்கில்தான் சீட்டு மிகவும் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

சீட்டுக்கும் எல்லை உண்டு. உள்ளே மறைத்து வைத்ததை அது சொல்லாது. உடல் மெலிய உதவும் மூலிகை எனப்பட்டவற்றுள் சிபுட்ரமின் என்னும் வேதி மருந்து ஒளிந்திருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. இருதயத்துக்குத் தீங்கென்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டு, 2011இல் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்ட பொருள் அது. மூன்றே நாளில் மூட்டுவலி பறந்தது, ஒரே வாரத்தில் எடை குறைந்தது என்றால், மகிழுமுன் ஐயுறுங்கள். அத்தகைய புட்டியை எறிந்துவிடாமல் மருத்துவரிடமோ மாவட்டச் சித்த மருத்துவ அலுவலரிடமோ காட்டுங்கள்.

யாருக்காக அச்சிட்டது?

நஞ்சுச் சரக்கு சேர்ந்த மருந்தின் எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்கிறது விதி. உணவு வகைச் சீட்டுக்கு ஆங்கிலமோ இந்தியோ போதும். பிறமொழி சேர்ப்பது தயாரிப்பாளர் விருப்பம். உசிலம்பட்டியில் வாழும் எழுபது வயது மூதாட்டிக்கு இவ்விரண்டும் ஒன்றே, இரண்டும் தெரியாது. சட்டம் கேட்டதைத் தயாரிப்பாளர் செய்துவிட்டார். ஆயினும் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தமிழகத்தில் விற்கும் மருந்தில் தமிழ் எச்சரிக்கை வேண்டும் என்று கேட்பது மொழிப்பற்றினால் மட்டும் எழும் கோரிக்கையன்று. உயிரைக் காக்கும் கோரிக்கை.

அது நிறைவேறும் வரை நம் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளராக வேண்டும். நாம் பணிபுரியும் நிஸ்வான் மத்ரஸாவில், வியாழக்கிழமைப் பாடத்துக்கு வீட்டிலுள்ள காலிப் பெட்டிகளைக் கொண்டுவரச் செய்தோம். அரபுச் சொல்லுக்குத் தமிழ், தாவரப் பெயருக்குத் தமிழ், எடை, உறுப்பு, உரிம எண், முடிவு நாள் என ஒரு தாளில் எழுதச் சொன்னோம். முதல் வாரத்தில் முப்பத்தொரு பெட்டிகள் வந்தன. சேர்பொருள்களின் பெயரோ அளவோ இல்லாதவை ஒன்பது. ஒரு மாணவி எழுந்து, “ஹஜ்ரத், எங்க நன்னிக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. இதில் அதிமதுரம் முதலிலேயே இருக்கே, கொடுக்கலாமா?” என்று கேட்டாள். “டாக்டரிடம் காட்டும்வரை கொடுக்காதே, இதே கேள்வியை அவரிடம் கேள்” என்றோம். நஹ்வு, ஸர்ஃபு நூல்களில் எத்தனையோ வினாக்கள் கேட்டிருக்கிறோம். அன்று அவள் கேட்ட வினாவுக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல நம்மால் இயலவில்லை.

அருமை வாசகர்களே! மூலிகை நமக்குப் பகையன்று. டில்லியின் ஹக்கீம் அஜ்மல் கான் மூலிகைகளை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும் என விழைந்தார். அவர் தூண்டுதலால் அறிவியலாளர் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, அப்பெரியாரின் நினைவாக ‘அஜ்மலின்’ என்று பெயரிட்டார். இருதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்தாக அது உலகப் புகழ் பெற்றது. வேருக்கு வலிமை உண்டு என்பதற்கு இது சான்று. வலிமையுள்ள பொருள் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். ஒரு பயனும் செய்ய இயலாத பொருள்தான் ஒரு தீங்கும் செய்யாது.

ஆகவே, வாங்குமுன் சீட்டைத் திருப்புங்கள். இது மருந்தா, உணவா? உள்ளே இருப்பது எது, எவ்வளவு? நாம் ஏற்கெனவே உண்ணும் மாத்திரையோடு இது ஒத்துப்போகுமா? முதல் இரண்டுக்கும் சீட்டு விடை தரும். மூன்றாவதற்கு மருத்துவர் விடை தருவார். வெளிநாட்டிலிருந்து அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அன்போடு புட்டி அனுப்பும் மக்கள், அதன் சேர்பொருள்களைத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவார்களாக. எழுத ஐந்து நிமிடம் பிடிக்கும். உடலும் ஓர் அமானிதம் அன்றோ!